அவருக்கு ஒரு வாடகை வீடு

9 ஜூன் 2025

மாறுதல் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டி கால்நடை மருந்தகம். மாத முடிவுக்குள் சேர வேண்டும். இத்தனை வருஷம் பாப்பாரப்பட்டியைச் சுற்றியே மாட்டுக்கு ஊசி போட்டுக் காலத்தை ஓட்டியாயிற்று. இப்போது பார்த்துத் தூக்கி மாவட்டத்தின் அந்தக் கோடியில் போடுகிறார்கள்.

அதிகாரியிடம் போய் என் வீட்டுக்காரர் நிலைமையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "ரெண்டு வருசம் போகட்டும்மா, திரும்ப இங்கயே போட்டுத் தரச் சொல்றேன்" என்றார். ரெண்டு வருஷமாம். நல்ல மனுஷன்தான். அவருக்கு என்ன தெரியும்?

புற்று நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி வைத்தியம் என்று ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போன மாதம் சேலத்தில் சொல்லி அனுப்பினார்கள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆஸ்பத்திரிக் கட்டில்ல மட்டும் என்னை வுட்டுடாத பாஞ்சாலி. வூட்டுலயே போயிடறேன்." சரி என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

எந்த வீடு? இப்போது இருப்பதும் வாடகை வீடு. மாமனார் வீட்டை இவர் தம்பி காளியன் இடித்துக் கடை கட்டிவிட்டான். மகன் குரு ஓசூரில் ஒரே அறையில் நாலு பேராகத் தங்கிக் கம்பெனிக்குப் போகிறான். இங்கிருந்தே தினமும் போய் வரலாம் என்றால் பஸ் மாறி மாறி, விடிந்ததும் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவேன். பகலெல்லாம் இவரை யார் பார்ப்பது? வேலையை விட்டால் மருந்துக்கு யாரிடம் போய் நிற்பது?

விஷயத்தைச் சொன்னதும் இவர் சிரித்தார். "பாப்பிரெட்டிப்பட்டியா? அந்த ரூட்டுல மினி பஸ் ஓட்டியிருக்கேன். மலையைப் பாத்துகிட்டே போலாம்." டூர் போகிற மாதிரி.

12 ஜூன்

வீட்டுக்கார நஞ்சம்மாள் அக்காவிடம், காலி செய்கிறோம் என்றேன். "அடடா, ஏன்?" என்றார். முகம் மட்டும் தெளிந்துவிட்டது. இத்தனை நாள் காலி செய்யச் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறார் போல.

15 ஜூன்

இன்று பாப்பிரெட்டிப்பட்டி போய் இரண்டு வீடு பார்த்தேன். ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். பஸ் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் மாடி. பாத்ரூமுக்கு நடந்து வருவதற்குள்ளேயே மூச்சு இளைக்கிறது, மாடிப்படிக்கு எங்கே போவது?

இன்னொன்று ஊருக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த இடத்தில். பலகையில் 'நகர்' என்று போட்டிருக்கிறது, வீடுகளைவிட அளவுக்கல்தான் அதிகம். வீடு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் என்ன ஊர், என்ன ஆளுங்க, கறி கவிச்சி சமைப்பீங்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றிலும் பாஸானேன். கடைசியில், "வூட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன். "என்ன உடம்புக்கு?" எனக்குச் சட்டென்று பொய் வராது. சொல்லிவிட்டேன்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. நாளு நம்ம கையில இல்ல. அடைப்புல போயிட்டாருன்னா வூட்டை ஆறு மாசம் பூட்டிப் போடோணும். அப்புறம் எவன் குடி வருவான்?"

அடைப்பு எனக்குத் தெரியாததல்ல. ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டை மாதக்கணக்கில் சாத்தி வைப்பது எங்கள் பக்கமும் உண்டு. ஆள் உயிரோடு இருக்கும்போதே சாத்துவார்கள் என்பது இன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம், வீடு ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தப் பொய் மட்டும் நன்றாக வந்தது.

18 ஜூன்

இப்போதெல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. "பேஷண்டுங்களா? வேணாங்க."

22 ஜூன்

அரூர் போகிற ரோட்டோரம் ஒரு வீடு. லூர்துமேரி என்று ஓர் அம்மா, பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பின்பக்கப் பாதி வீட்டில் அவர் இருக்கிறார், முன்பாதி வாடகைக்கு. இந்த முறை கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிட்டேன், இன்ன நோய், ரொம்ப நாள் தாங்காது என்று.

"அதுக்கென்னங்க? எங்க வூட்டுக்காரரும் இதே ரூம்லதான் போனாரு. எங்களுக்கு அடைப்பெல்லாம் கெடையாது. பொறக்கறதுக்கும் போறதுக்கும்தானே வூடு?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. சன்னலைத் திறந்து காட்டினார். ரோடு தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம், வரிசையாகச் சிலுவைகள். கட்டில் போட இருக்கிற ஒரே இடம் அந்தச் சன்னலடி. கண் விழித்தால் அதில்தான் விழிக்க வேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

23 ஜூன்

வேலையில் சேர்ந்தேன். மருந்தகத்தில் ஒருவர் சொல்லி, மத்தியானம் பக்கத்துக் காலனியில் ஒரு வீடு பார்த்தேன். கீழ் வீடு, காற்றோட்டம், நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ். அவருக்கு அது முக்கியம், குத்துக்கால் போட முடியவில்லை. மருந்தகத்திலிருந்து நடந்தே வந்து மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போகலாம். சந்தடி இல்லாத சிமெண்ட் தெரு. மாடியில் வீட்டுக்கார செல்லம்மாள் அக்கா. அவரிடமும் மறைக்கவில்லை.

கீழ் வீட்டுக் கதவைப் பார்த்தபடி சொன்னார். "எம் மாமனாரு அடைப்புல போய், இந்தக் கீழ்வூட்டை ஆறு மாசம் மூடி வெச்சிருந்தோம். மவன் கல்யாணமே தள்ளிப்போச்சு. அதான் பயம். உங்களப் பாத்தாலும் பாவமா இருக்குது. ஒண்ணு மட்டும் செய்ங்க. ரொம்ப முடியலன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. அதுக்குச் சம்மதம்னா வாங்க."

"சரிங்கக்கா" என்றேன்.

இவ்வளவு சுலபமாக எப்படிச் சொன்னேன்? அவருக்குக் கொடுத்த வாக்கு ஒன்று, இந்த அம்மாவுக்குக் கொடுத்தது ஒன்று. ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி மாற மாட்டார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும். கல்லறையைப் பார்த்துக்கொண்டு அவர் படுத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்.

லூர்துமேரி அம்மாவுக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். இவரிடம் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

6 ஜூலை

பால் காய்ச்சிக் குடி வந்தோம். கட்டிலை முன்னறையில் போட்டோம். நன்றாகத் தூங்கினார்.

19 ஜூலை

"என்ன தெரு இது? கேட்டும் காம்பவுண்டுமாத்தான் தெரியுது. ஒரு ஆளு மூஞ்சியக் காணோம்" என்கிறார். பாப்பாரப்பட்டியில் என்றால் வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசலில் நின்று, "என்ன டிரைவரே" என்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவான். இங்கே காலையில் பைக்கெல்லாம் கிளம்பிப் போனால் சாயங்காலம்தான் திரும்புகின்றன. நான் வருகிற வரைக்கும் காத்திருந்து, மாட்டாஸ்பத்திரிக் கதை முழுக்கக் கேட்கிறார். எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, எல்லாம்.

நல்ல தெரு என்று நான் எதைப் பார்த்தேன்?

21 ஆகஸ்ட்

இன்று ஒரு வீட்டில் பசு படுத்த படுக்கை. பழைய வீட்டுக்கார நஞ்சம்மாள் அக்கா வயசிருக்கும் அந்த வீட்டு அம்மாவுக்கு. "தேறுமாங்க?" என்றார். "தேறாதுங்கம்மா. பக்கத்துல இருந்து தண்ணி மட்டும் காட்டிட்டு இருங்க" என்றேன், தயங்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தால், "இன்னைக்கு எத்தனை மாட்டைப் பொழைக்க வெச்ச?" என்று இவர் கேட்கிறார். எல்லாத்தையும்தான் என்றேன்.

14 செப்டம்பர்

குரு வந்திருந்தான். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான். அவன் ஊருக்குக் கிளம்பிய பிறகு, இந்த வீட்டுக்கு முன்னால் எத்தனை வீடு பார்த்தாய் என்று இவர் பேச்சுவாக்கில் கேட்டார். நானும் ஏதோ ஞாபகத்தில் லூர்துமேரி அம்மா வீட்டைச் சொல்லிவிட்டேன். கல்லறையையும் சொன்னேன்.

சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிந்தது. "அதுக்காவா வேணாம்னு வந்த? ரோட்டு மேல வூடு, அந்தப் பக்கமும் ஆளுங்க, இந்தப் பக்கமும் ஆளுங்க. நம்ம பஸ்ஸெல்லாம் அந்த வழிதானே போவுது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

கேட்டிருக்கலாம்.

15 செப்டம்பர்

மருந்தகத்தில் பர்மிஷன் போட்டுவிட்டு லூர்துமேரி அம்மா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் யாரோ ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ரொம்ப நாள் சும்மாதாங்க கெடந்துச்சு. போன வாரந்தான் ஒரு குடும்பம் வந்துச்சு" என்றார் லூர்துமேரி அம்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

5 அக்டோபர்

செல்லம்மாள் அக்கா கஞ்சி கொண்டு வந்தார். வாரத்தில் பாதி நாள் அக்கா தருகிற கஞ்சிதான், அதைச் சொல்லாமல் இருந்தால் பாவம். கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றபடி, "ரொம்ப ஒடுங்கிட்டாருங்களே" என்றார். அப்புறம், "சொன்னது ஞாபகம் இருக்குதில்லீங்க?" என்றார். மெல்லத்தான் கேட்டார். உள்ளே இவர் காதில் விழுந்துவிட்டது.

"என்ன சொல்லிட்டு இந்த வூட்டைப் புடிச்ச?"

சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி வுடு. எறங்கற எடம் எதுன்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் என்னத்தப் பண்ணுவேன்? யாரு வூடு குடுத்தாங்க எனக்கு? ஒருத்தர் குடுத்தாங்க, அதையும் நான்தானே வேண்டாம்னேன். நான்தானே.

20 அக்டோபர்

தீபாவளி. குரு வாங்கி வந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். தோளில் நிற்கவில்லை.

23 அக்டோபர்

மூச்சு இழுக்கிறது. மாத்திரை கொடுக்க வருகிற நர்ஸ் பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்றாள்.

மாடிக்குப் போய்க் காலில் விழுந்தால் என்ன? விழாமல், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டால்தான் என்ன? யார் வந்து எங்களைத் தூக்கி வெளியே வைக்கப் போகிறார்கள்? கதவு வரைக்கும் போனேன்.

இவர்தான் கூப்பிட்டார். "வண்டிக்குச் சொல்லு." வேண்டாங்க என்றேன். "நான் போனப்புறம் நீ இதே ஊர்ல இருந்தாகணும். வாக்குத் தவறினவள்னு பேரு வந்தா உனக்கு எவன் வூடு குடுப்பான்? சொல்லு வண்டிக்கு."

சொன்னேன். வாசலில் நிற்கிறது.

30 அக்டோபர், பாப்பாரப்பட்டி

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டார். வார்டில் ஒரு கட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நான் நிற்கத்தான் இடம் இருந்தது. டாக்டர்களும் நர்சுகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

காலையில் கண்ணைத் திறந்து, "வூட்டுக்குப் போலாமா?" என்றார்.

போலாங்க என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். வண்டி வந்துட்டே இருக்குதுங்க என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

இங்கே கொண்டு வந்து அடக்கம் செய்தோம். காளியன் கடையை ரெண்டு நாள் மூடி வைத்தான்.

12 நவம்பர்

காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் பாப்பிரெட்டிப்பட்டி வந்தேன். சாவி போட்டுக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டு செல்லம்மாள் அக்கா இறங்கி வந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மெய்யான அழுகைதான். கூட்டித் துடைத்துக் கொடுத்தார், அடுப்பு பற்றவைக்க விடாமல் சோறு கொண்டு வந்து வைத்தார்.

நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார், அது எனக்குத் தெரியும்.

"அவரு போன அன்னைக்கே நான் காலண்டரப் பாத்தனுங்க. அனுசம். அடைப்பே கெடையாது, நல்ல நட்சத்திரம். தெரிஞ்சிருந்தா இங்கயே வெச்சிருந்திருக்கலாம், பாவம்."

"ஆமாங்கக்கா" என்றேன். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டேன்.

16 நவம்பர்

வேறு வீடு பார்க்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். "எதுக்குங்க? நீங்க ஒத்தை ஆளு. எத்தன வருசம் வேணாலும் இருங்க" என்றார். அந்தப் புது நகர் வீட்டுக்காரரும் யார் சொல்லியோ கேள்விப்பட்டு, வீடு காலியாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கம்மா என்று போன் செய்தார்.

எந்த வீட்டிலும் என்னை இப்போது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.