அம்மனுக்கு வைக்கேலாத பூ

ஈஸ்ட் ஹாம்,
சித்திரை 1996

இஞ்சருங்கோ,

பின்வளவிலை வெள்ளையாப் பூத்துக் கிடந்ததைக் காம்போடை ஆய்ஞ்சு, உங்கட பேரிலை அர்ச்சனை செய்யக் கோயிலுக்குக் கொண்டுபோனன். தட்டைக் குடுக்கவே மணத்திட்டுது. "பிள்ளை, இது உள்ளியெல்லோ. அம்மனுக்கு வைக்கேலாது" எண்டு ஐயர் திருப்பித் தந்திட்டார்.

லைப்ரரிப் புத்தகத்திலை படத்தோடை ஒத்துப் பார்த்தன். மத்தியதரைக்கடல் பக்கத்துக் காட்டு உள்ளியாம், வெள்ளைப்பூண்டு இனமாம், அழகுக்கு வைக்கிறவையாம். இந்த வீட்டிலை எங்களுக்கு முந்தியிருந்த சைப்பிரஸ்காரி நட்டதாக்கும்.

அண்டையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளேல்லை. ஊரிலையிருந்து உங்கட கடிதம் வாறது நிண்டு வருசம் திரும்பப் போகுது. அக்கா இனித் திதி குடுக்கச் சொல்லுறா.

இண்டைக்குக் கடையிலை செவ்வந்தி வாங்கிக்கொண்டு அவவோடை திரும்பவும் போனன். ஐயர் அர்ச்சனைக்கு உங்கட நட்சத்திரம் கேட்டார். பக்கத்திலை நிண்ட அக்காவுக்குக் கேட்கட்டுமெண்டு உரத்துச் சொன்னன்.

உங்கட மனுசி