புதுப் பெட்டியில் பழைய 98

2008, ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹோசூரில் ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர். அருப்புக்கோட்டையில் சொன்னால் அம்மா நம்ப மாட்டாள்.

சனிக்கிழமை இடியில் அளவு ரூம் கம்ப்யூட்டர் காலி. பெட்டியைத் திறந்ததும் கருகிய வாசனை. போர்டு போயிற்று, ஹார்ட் டிஸ்க்கும் அளக்கும் மெஷினை இணைக்கும் கார்டும் மட்டும் பிழைத்திருக்கின்றன. அளக்கும் மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊசி முனை தொட்டு எடுக்கும் கணக்கைப் போட அந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் கிரானைட் மேசை.

சிக்கல்: சாஃப்ட்வேர் விண்டோஸ் 98-இல் மட்டும்தான் ஓடும். விற்ற ஏஜென்சி மூடிப் போய் வருஷங்கள் ஆகின்றன. எக்ஸ்பியில் போன வருஷமே போட்டுப் பார்த்தோம், திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. மேனேஜர் சதாசிவம் சார் வாங்கி வந்திருப்பதோ புத்தம் புதுப் பெட்டி. விஸ்டா. மெமரி இரண்டு ஜி.பி.

சர்வீஸ் ஆள் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "மேடம், இந்த போர்டுக்கு 98 டிரைவரே எவனும் எழுதல. மறந்துடுங்க."

"மூணு நாள் குடுங்க சார், ஓட வெச்சிடறேன்" என்று ச. சாரிடம் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன் மதுரைக் கடையில் இரண்டு வருஷம் பெட்டி மாட்டியவள் நான். நாளுக்கு ஆறு பெட்டி, ஆறிலும் 98.

வெள்ளிக்கிழமை கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட். மார்ச்சில் போன லாட், வால்வு பாடி 400-ம் திரும்பி வந்துவிட்டன. துளை இருபது மைக்ரான் பெரிசு. தலைமுடிப் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கூடக் கிடையாது, ஆனால் எண்ணெய் கசிய அது போதும். சரி என்று கையெழுத்துப் போட்டது நான். ஆகவே நான் பார்த்த பிறகு துளை போடும் மெஷின் ஆபரேட்டர் நாகராஜ் தானாக அளவை ஏற்றிவிட்டார் என்று முடிவாகி, பத்து நாளாக அவர் சஸ்பெண்ட். பதினோரு வருஷ சர்வீஸ்.

மாலை கேட்டில் அவரையே பார்த்தேன். லாக்கர் சாமான் எடுக்க வந்திருந்தார்.

"மேடம், அன்னிக்கு நீங்கதானுங்களே ரெண்டு பாயிண்ட் ஏத்தச் சொன்னீங்க?"

"நான் சொல்லல நாகராஜ். சொல்லியிருந்தா சீட்டுல எழுதியிருப்பேன்."

"சீட்டுல எழுதலீங்க. வாயில சொன்னீங்க."

ரெண்டு பாயிண்ட் என்றால் இருபது மைக்ரான். எனக்கு நிச்சயமாகத் தெரியும், நான் சொல்லவில்லை. பழைய டிஸ்கில் அன்றைய ரெக்கார்ட் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஓடிய நாளில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து காட்டிவிட்டால் பேச்சே முடிந்தது. அதை அவரிடமும் சொன்னேன். "திறங்க மேடம். அதான் எனக்கும் வேணும்" என்றார்.

வீட்டுக்கு: ரவா, மகள் யாழினிக்குப் பச்சை ரிப்பன். ரிப்பன் மறந்தது.

ஜூன் 10, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. கரண்ட் இரண்டு முறை போனது.

முதலில் காப்பி. பழைய டிஸ்கை அப்படியே இன்னொன்றில் எடுத்து, அசலை ச. சார் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் வேலையில் கை வைத்தேன்.

செய்தவை:
புது டிஸ்க் பழைய முறையில் தெரியும்படி செட்டிங் மாற்றம். இல்லாவிட்டால் 98-க்கு டிஸ்கே கண்ணில் படாது.
பெரிய டிஸ்கில் சின்னதாக ஒரு பாகம் மட்டும் ஒதுக்கல்.
ஸ்டோர் பீரோவில் ஒரிஜினல் சி.டி. தேடல். கிடைத்தது, மூன்று கீறலோடு.

பாதி ஏறி நின்றது. திரையில் ஒரு வரி: மெமரி போதவில்லை. பழைய பெட்டியில் இருந்தது அறுபத்துநாலு எம்.பி., இதில் முப்பது மடங்குக்கு மேல், அப்புறமும் போதவில்லையாம்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்டோர் கீப்பர் ரமேஷ் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஆயிடுச்சா?" என்றான்.

"இன்னும் இல்லடா. சோறு அதிகமாப் போட்டா பசிக்குதுங்குது."

மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர். ஒரு மணி நேரம் தேடியதில் எவரோ எழுதி வைத்திருந்தார்கள். 98-க்கு இவ்வளவு மெமரியை எண்ணத் தெரியாது, குழம்பிப் போய் இல்லை என்று சொல்லிவிடும். சிஸ்டம் ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்து, ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் பார்க்காதே என்று சொல்லிவிட வேண்டும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வந்தேன்.

நாலு மணிக்கு, 98 திறக்கும்போது வரும் அந்த மேகப் படம் வந்தது. எத்தனை வருஷம் ஆயிற்று அதைப் பார்த்து. அந்த ஆரம்ப இசைக்கு ஸ்பீக்கர் இல்லை, நானே முணுமுணுத்தேன்.

ஆனால் பதினாறு கலர்தான். படமெல்லாம் கட்டம் கட்டமாக. சாஃப்ட்வேர் 256 கலர் கேட்டு அடம். புது போர்டின் டிஸ்ப்ளேவுக்கு 98 டிரைவர் கிடையாது, சர்வீஸ் ஆள் சொன்னது அந்த மட்டில் உண்மை. பழைய டிஸ்ப்ளே கார்டு ஒன்று வேண்டும். ஸ்லாட் இரண்டு இருக்கிறது. ஒன்று மெஷின் கார்டுக்கு, மற்றது இதற்கு.

ஹோசூரில் ஆறு கடை கேட்டாயிற்று. இல்லை.

ஜூன் 11, புதன்

பர்மிஷன் போட்டுவிட்டு பெங்களூர். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரி வரிசை, அரை மணி நேரம் நின்றோம். பக்கத்து சீட்டு அம்மா மடியில் ரோஜாக் கட்டு. பனி ஈரம் என் புடவையில்.

பழைய சாமான் கடைத் தெருவில் எட்டாவது கடை. எனக்குத் தெரிந்த கன்னடத்தில், "ஹளே டிஸ்ப்ளே கார்ட் இதியா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "யாவ காலதல்லி இத்தீரா மேடம்?" எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்கிறார். பிறகு ஒரு வாளியைக் காலால் தள்ளிவிட்டார். வாளி நிறைய கார்டுகள், மீன் கடை மாதிரி. இருபது நிமிஷம் கிளறினேன். மதுரையில் நானே எத்தனையோ முறை மாட்டிய அதே ரகம் ஒன்று. இரண்டு எடுத்துக்கொண்டேன், ஒன்று செத்தாலும் மற்றது இருக்கட்டும் என்று.

மூன்று மணிக்கு மூக்கண்டப்பள்ளியில், கம்பெனிக்குத் திரும்பியாயிற்று. மாட்டினேன். 256 கலர் என்ன, அதற்கு மேலேயும் வந்தது.

மெஷின் கார்டு போட்டு சாஃப்ட்வேர் ஏற்றினேன். ஊசி சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி நின்றது. அப்படித்தான் அது தயார் என்று சொல்லும். துல்லியமான அளவு தெரிந்த மாஸ்டர் வளையத்தை வைத்து அளந்தேன். அரை மைக்ரான்கூட வித்தியாசம் இல்லை.

ச. சார் வந்து பார்த்துவிட்டு, "வளர்மதி, நீ இன்ஜினியரா போயிருக்கணும்மா" என்றார். "டிப்ளமாவே போதும் சார்" என்றேன். திமிர்தான். இருக்கட்டும்.

ரிப்பன் வாங்கியாயிற்று. அவள் கேட்டது பச்சை இல்லையாம், நீலமாம்.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. காற்று.

காலை ஒன்பதே காலுக்கு மார்ச் ரெக்கார்டைத் திறந்தேன்.

மார்ச் 19:
10:40 ஊசி முனை மாற்றம்.
முனை சரிபார்ப்பு: இல்லை.
11:10 முதல் பாகம். துளை இருபது மைக்ரான் சின்னது.
11:50 முதல் பாகம் மறுபடி. சரி.
12:05 லாட் ஓட்ட ஓ.கே. என் பெயர்.

மூன்று தடவை படித்தேன்.

முனை மாற்றினால் வளையத்தில் சரிபார்த்த பிறகே பாகத்தைத் தொட வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம். அன்று செய்யவில்லை. சரிபார்க்காத முனை துளையை இருபது மைக்ரான் குறைத்துக் காட்டியிருக்கிறது. துளை சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான் சின்னது என்றிருக்கிறேன், நாகராஜ் ஏற்றியிருக்கிறார். 11:10-க்கும் 11:50-க்கும் நடுவில் வேறு என்ன நடந்திருக்க முடியும்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பத்தரைக்கு ஸ்கூலிலிருந்து போன். யாழினி ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாள், முழங்கை வீங்கியிருக்கிறது. லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது, பன்னிரண்டே காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். எலும்பு முறிவு இல்லை என்ற பிறகே மூச்சு வந்தது. அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த முழங்கை மட்டும். நாகராஜிடம் என்ன சொன்னேன் என்பது துளிகூட இல்லை. இல்லாததை வைத்துக்கொண்டுதான் கேட்டில் அவ்வளவு அடித்துப் பேசினேன்.

இந்த ரெக்கார்டைத் திறக்க இந்த ஊரில் என்னைத் தவிர ஆள் கிடையாது. டிஸ்க் கெட்டுவிட்டது என்றால் நம்புவார்கள். நினைத்தேன், எழுதி வைக்கிறேன். கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வரும் வரை நினைத்தேன்.

பிரிண்ட் எடுத்து ச. சார் மேசையில் வைத்தேன்.

படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "மெஷினே செத்துப் போச்சுன்னு எழுதிடலாமேம்மா. நாளைக்கு வர்றவருக்கு என்ன தெரியப் போவுது?"

"அப்ப நாகராஜ் கதி?"

"அவனுக்கு வேற இடத்துல சொல்லி விடறேன்."

"வேணாம் சார். அவரு ஏத்தினது நான் சொல்லித்தான். காரணம் தெரியாத தப்புன்னா கஸ்டமர் அடுத்த லாட்டையும் நம்ப மாட்டாரு. இதுல காரணம் நிமிஷத்தோட இருக்கு. நானே காட்டறேன்."

"உன் வேலை போனாலும் போவும்."

"போனா பார்த்துக்கறேன் சார்."

 பிரிண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் சேகரிடம் சொன்னேன். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷூ லேஸைக் கட்டி முடித்து எழுந்தார். "சரி, சொல்லிடு" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 13, வெள்ளி

ஆடிட்டர் புனே ஆள். பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. பிரிண்டைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். திரும்பி வந்ததில் இருபது பாகத்தை அவர் எடுத்துத் தர, அவர் கண் முன்னாலேயே வளையத்தில் சரிபார்த்து அளந்தேன். அவர்கள் ரிப்போர்ட்டோடு ஒரு மைக்ரானுக்குள் பொருந்தியது. பிறகு திரையைக் காட்டி, இதில் எப்படி 98 என்று கேட்டார். மெமரி வரியைச் சொன்னதும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்!

முடிவு: லாட் எங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். ஆர்டர் தொடரும். நாகராஜ் நாளை முதல் வேலைக்கு. எனக்கு மெமோ, மூன்று மாசம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. மெஷின் என் பொறுப்பிலேயே, வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாததால்.

ஐந்து மணி பஸ்ஸில் கெலமங்கலம், நாகராஜ் வீட்டுக்கு. போனில் சொல்கிற விஷயமா இது. நாகராஜ் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஏத்தச் சொல்லியிருக்கேன் நாகராஜ். மறந்துட்டேன். என் தப்பு. கம்பெனியில சொல்லிட்டேன். நாளைக்கு வாங்க."

 அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "பதினாலு நாளுங்க. திருடிட்டானா, அதான் நிறுத்திட்டாங்களான்னு தெருவுல கேட்டாங்க. எம் பையன் ரெண்டு பேரை அடிச்சிட்டு வந்தான்."

 மன்னிச்சிடுங்க என்றேன். "காபி பெட்டு" என்று நாகராஜ் தெலுங்கில் சொன்னார். அவள் போடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். அது நியாயம்தான்.

ஆறரை பஸ். உட்கார இடம் கிடைத்தது.

ஜூன் 14, சனி

மறுபடி தூறல். யாழினிக்கு அரை நாள் ஸ்கூல்.

எட்டேகாலுக்கு நாகராஜ் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு அளவு ரூமுக்கு வந்தார். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவார். இன்று நின்றார்.

"முனை செக் பண்ணிட்டீங்களா மேடம்?"

"இப்பதான். பாருங்க."

திரைப் பக்கம் வந்து குனிந்து, எண்களை விரல் வைத்துப் பார்த்தார். பாகத்தை அளந்தேன். மூன்று மைக்ரான் சின்னது.

"மூணு மைக்ரான் ஏத்துங்க."

"எழுதிக் குடுங்க."

சீட்டு எடுத்து எழுதினேன். "கையெழுத்து ரமேஷ் பக்கத்து யூனிட் இன்ஸ்பெக்டர் கிட்ட வாங்கிட்டு வருவான். நான் இப்ப போடக் கூடாது."

"அவரு போடட்டுங்க. எழுத்து உங்களுதா இருக்கட்டும்."

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெஷினின் கதவு மூடியது, கூலன்ட் பாய ஆரம்பித்தது.

இரண்டாவது பாகம் ஒன்பது மணிக்கு.