அறுபத்திரண்டில் படகேறியது

ஜனவரி 12, திங்கள்

குக்கர் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. இரண்டாம் முறைதான் எடுத்தேன். நான் ரிட்டயர் ஆகும்வரை ஆஸ்பத்திரியில் என்னோடு பிரசவம் பார்த்த இளம் டாக்டரம்மா. படகிலேயே மருத்துவமனை வைத்து ஆற்றங்கரை ஊர்களுக்குப் போகிறார்கள். பிரசவம் பார்த்துப் பழகிய நர்ஸ் வேண்டுமாம். ஒரு வருடம், தங்குவதும் படகில்தான். "உங்க வயசு எனக்குப் பிரச்சினை இல்ல சிஸ்டர். உங்க கைதான் வேணும்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சும்மா. போனை வைக்கும்போதே மனசு படகில் ஏறிவிட்டது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 14, புதன்

சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப வீடு?" என்றார்.

நான் என்ன ஆவேன் என்று கேட்கவில்லை. வீடு என்ன ஆகும் என்று கேட்டார்!

இவரையும் சொல்லிக் குற்றமில்லை. இவர் பிறந்தது இங்கே. அப்பா கட்டிய வீடு. காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டி, சாயங்காலமானால் இதே வாசலுக்குத் திரும்பிய மனிதர். எனக்கும் இந்த வீட்டின் மேல் கோபம் ஒன்றுமில்லை. பிள்ளை வளர்த்ததும் இங்கேதான், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் இங்கேதான். ஆனால் இனி எனக்கு இங்கே செய்ய ஒன்றும் மிச்சமில்லை. இதை இவருக்கு எப்படிச் சொல்வது?

ஜனவரி 15

சாப்பாடு மட்டும் நடந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

மகள் வந்தாள். அப்பா போன் போட்டு வரவழைத்திருக்கிறார்.

"ரிட்டயர் ஆனா எல்லாரும் காலை நீட்டி உக்காருவாங்க. உனக்கு மட்டும் ஏம்மா கால் தரையில பாவ மாட்டேங்குது?"

"உக்காந்து பாத்தேன்டி. முட்டிவலிதான் வந்துச்சு."

சிரித்துவிட்டாள். பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "அப்பா தனியா என்னம்மா பண்ணுவாரு? வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதே" என்றாள்.

அதுதான் எனக்கும் கவலை. போனால் நான் கல்நெஞ்சக்காரியா? போகாவிட்டால் — இவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் போகாத அந்த ஆறு நினைவுக்கு வருமே. அது மட்டும் நல்லதா?

பிப்ரவரி 2, திங்கள்

கிளம்பிவிட்டேன். இவர் பஸ் நிலையம் வரை வந்தார். பையை என்னிடம் தரவே இல்லை. நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியே கொடுத்தார்.

"இவன் வண்டியக் கொண்டாந்து நிறுத்துன லட்சணத்தப் பாத்தேன். பிரேக்க அப்படியே மிதிக்கிறான். கம்பிய நல்லாப் பிடிச்சுக்க."

அவ்வளவுதான் வழியனுப்பல்.

ஊர் தாண்டும்வரை அழுதேன். அப்புறம் பசித்தது.

பிப்ரவரி 11, புதன்

என் அறையில் படுத்தால் தலையும் காலும் சுவரைத் தொடும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்.

இன்று ஒரு பிரசவம். டாக்டரம்மா அக்கரையில் மாட்டிக்கொண்டார். குழந்தை கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விரலை விட்டுக் கொடியைத் தலைக்கு மேலாகக் கழற்றினேன். குழந்தை அழுத பிறகுதான் உட்கார்ந்தேன்.

இவருக்குப் போன் செய்தேன்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"கெட்டிக்காரிதான் நீ" என்றார். பிறகு, "சாப்ட்டியா?"

"நீங்க?"

"பிரெட்."

நேற்றும் பிரெட்தான்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் காலையிலேயே கூப்பிட்டாள். "அப்பா வீட்ட விக்கப் போறாராம். நீதான் சொன்னியா?"

நான் எங்கே சொன்னேன்! சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. உடனே இவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க இது? யாரக் கேட்டு?"

"என் வீடு. யாரக் கேக்கணும்?" என்று எகிறினார். பிறகு குரல் இறங்கியது. "ஒவ்வொரு ரூமாப் போய்ப் பாத்தேன். ஒண்ணுலயும் நீ இல்ல. அப்புறம் என்ன பெரிய வீடு?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பேச்சு இந்த மனுஷன் பேசினதில்ல. போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டு நின்றேன். யாருக்கு என்ன ஆச்சோ என்று டாக்டரம்மா ஓடி வந்துவிட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

சாவி கொடுக்க நானும் போனேன். வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய பிள்ளைகள் காலி அறைகளில் கத்தி எதிரொலி கேட்டு விளையாடின. இவர் ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ச் சாத்திக்கொண்டு வந்தார். இவர் உடைந்துவிடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். உடைந்தது நான்தான். சமையலறைத் தரையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான்தானே விட்டுப் போனவள்? எனக்கு ஏன் இப்படி?

இவர் வந்து கை நீட்டினார். "எந்திரி. படகு நமக்காக நிக்காது."

நமக்காக என்றார்.

மே 3, ஞாயிறு

படகு இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏறியதிலிருந்து வாந்தி.

"அவ்வளவு பெரிய பஸ் ஓட்டுன ஆளு நீங்க!" என்று படகோட்டி கிண்டலடித்தார்.

"ரோடு ஆடாதுப்பா" என்றார் இவர், தலையைத் தூக்காமலே.

மே 19, செவ்வாய்

சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். இவர் கரண்டியைப் பிடித்திருக்கிறார். குழம்பில் உப்பில்லை. யாரும் மூச்சுவிடவில்லை. டாக்டரம்மா மட்டும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். இவர் முகத்தைப் பார்க்கணுமே!

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் மழை விட்டது. படகின் பின்பக்கம் உட்கார்ந்து இவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. வீடு வாங்கிய ஆசிரியர். கூடத்துச் சுவரை இடித்துப் பெரிதாக்கப் போகிறார்களாம். உள்ளே தண்ணீர்க் குழாய் போகிறதா என்று கேட்டார்.

இவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கீழ்ப்பக்கமாப் போகுது சார். மேல இருந்து இடிச்சுக்கிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது. இடிச்சா நல்லா வெளிச்சம் வரும்."

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு எத்தன பேருக்கு?"

பிரசவம் ஒன்று இருக்கிறது, துணைக்கு வருகிறவர்களும் சாப்பிடுவார்கள் என்றேன்.

சாக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் கிழங்கு எடுத்துப் போட்டுக்கொண்டார்.