கூலி வாங்காதவள்

மார்ச் 4, செவ்வாய்
மழை விட்டபாடில்லை. முதுகு போய்விட்டதென்று காப்பீடு கேட்டவன் கரும்புத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். காரிலேயே உட்கார்ந்து படம் எடுத்தேன். துப்பறியும் உரிமம் வாங்கியவளுக்கு வாய்த்த சாகசம் இதுதான். வீடு திரும்ப நேரமாகும் நாட்களில் டெஸ்ஸை எதிர்வீட்டு ரோவீனாதான் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறாள். அவள் இல்லையென்றால் என் பிழைப்பு நாறிவிடும்.

மார்ச் 13, வியாழன்
கிரெய்க்கின் வக்கீல் நோட்டீஸ். பிரிந்து போனவனுக்கு இப்போது மகள் வேண்டுமாம். கூடவே படங்கள். சீருடையோடு எங்கள் வாசற்படியில் டெஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொன்றும் வேறு வேறு நாள். எட்டு வயதுக் குழந்தையைத் தெருவில் விட்டுவிட்டு நான் ஊர் சுற்றுகிறேனாம்.

யாரையோ அமர்த்தியிருக்கிறான். எவனாவது உரிமம் இல்லாத பயலாக இருக்கட்டும், தோலை உரித்துவிடுகிறேன்.

மார்ச் 14, வெள்ளி
வேவு பார்க்க யாருக்கெல்லாம் உரிமம் வேண்டாம்? போலீஸ், வக்கீல், பத்திரிகைக்காரர், காப்பீட்டுக் கம்பெனியின் சொந்த ஊழியர். பரீட்சைக்கு நெட்டுருப் போட்டது. இந்தப் படங்களை எடுத்தவன் எதிலும் சேரமாட்டான்.

உரிம அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: “கூலி வாங்கினாரா? வாங்கலைன்னா அவருக்கு உரிமமே தேவையில்லைங்க.”

சிரித்தேன். இந்த அசிங்கத்தை ஓசியில் யார் செய்வார்கள்?

மார்ச் 16, ஞாயிறு
படங்களை மறுபடி பார்த்தேன். எல்லாம் மேலிருந்து, நேர் எதிரிலிருந்து எடுத்தவை. எங்கள் தெருவில் அந்த உயரத்தில் இருப்பது ஒரே ஒரு வராந்தா.

ரோவீனாவுடையது.

டெஸ்ஸிடம் மெதுவாகக் கேட்டேன். “ரோ ஆன்ட்டிதான் இங்க உக்காரச் சொன்னாங்க. பிஸ்கட் எடுத்துட்டு வரேன்னு போவாங்க.” கொண்டுவந்து கொடுப்பாளாம், கொஞ்ச நேரம் கழித்து.

மார்ச் 17, திங்கள்
எழுத முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்
போனேன். மறுக்கவில்லை, டீக்குத் தண்ணீர் வைத்தாள். அவன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டேன்.

“ஒரு சல்லி வாங்கலை, மார்னி. டெஸ்ஸுக்காகத்தான் செஞ்சேன். நீ எப்பவும் வேலை வேலைன்னு ஓடிட்டிருக்கே.”

அடிப்பாவி. காசு வாங்கியிருக்கக் கூடாதா? காசுக்காகச் செய்வது எனக்குப் புரியும், நானும் அதைத்தானே செய்கிறேன். வாங்காததால் சட்டமும் இவளைத் தொடாது. நம்பினேனே, சாவியைக்கூடக் கொடுத்து வைத்திருந்தேனே! எனக்கு ஏன் தெரியாமல் போனது? ஊரையே வேவு பார்க்கிறவள் நான்.

ஏப்ரல் 9, புதன்
என் வக்கீல் உதட்டைப் பிதுக்குகிறார். டெஸ்ஸைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டதே இல்லை என்று ரோவீனா சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டாளாம். தெருவைத் தாண்டி வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டதற்கு நான் சாட்சிக்கு எங்கே போவது? குழந்தையைக் கூண்டில் ஏற்ற மாட்டேன்.

மே 29, வியாழன்
இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. பள்ளி நாட்களில் அவனிடம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு மட்டும் என்னிடம்.

ஜூன் 20, வெள்ளி
சனி ஞாயிறுக்கு டெஸ்ஸைக் கூட்டிவரச் சாயங்காலம் கிரெய்க் வீட்டுக்குப் போனேன். மணியை அடித்தேன். வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் திறந்தது ரோவீனா. தலை ஈரமாக இருந்தது.

“டெஸ் பை எடுத்துட்டிருக்கா,” என்றாள். “உள்ள வாயேன், மார்னி.”

வாசலிலேயே நின்றேன்.