கழிக்க வேண்டிய சுழற்சி

மயிலாப்பூர்
4.10.1993

அன்புள்ள ஜஹா,

நேற்று ராயப்பேட்டைக்குப் போய் உன் அம்மியைப் பார்த்தேன். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "அவ எப்ப வர்றா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இனி கெட்ட செய்தி. உன் ஆராய்ச்சிக்கு நான் எழுதித் தந்த புரோகிராம் தப்பு. இழுத்துக் கட்டிய ரப்பர் துண்டைச் சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றினால், உள்ளே இருக்கும் இழுவிசை ரப்பரோடு சேர்ந்து திரும்பும், அவ்வளவுதான். வெளியே நிற்பவருக்கு மட்டும் எண்கள் மாறும். அந்த வெறும் சுழற்சியைக் கழித்த பிறகுதான் விசை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்ல வேண்டும். நம் புரோகிராம் கழிக்க வேண்டியதைக் கூட்டுகிறது.

வேகம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்ற அட்டவணையை நீ உன் புத்தகத்தின்படி அனுப்பினாய். என் புத்தகத்தில் நிரையும் நிரலும் இடம் மாறியிருக்கும். நான் யோசிக்காமல் அப்படியே போட, சுழற்சியின் குறி திரும்பிவிட்டது. நேராக இழுக்கும் சோதனைகளில் சுழற்சியே கிடையாது, அதனால் எல்லாம் சரியாக வந்தது. என் முட்டாள்தனம்தான்.

உன் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் முழுக்க இந்த எண்கள்தான். கொடுப்பதற்கு முன் பேராசிரியரிடம் சொல்லிவிடு. உடனே பதில் போடு.

உன்
சாரு


ஓஹியோ
22.11.1993

அன்புள்ள சாரு,

ஏழு வாரமாகப் பதில் போடாததற்குத் திட்டிக்கொள். முதல் பத்து நாள் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உன்மேல் கோபம்கூட வந்தது. பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். போன் மணி அடித்தால்கூட எடுப்பதில்லை. நீ சொன்னது சரி.

என் பேராசிரியர் தப்பு செய்தால் மன்னிப்பார், மறைத்தால் விடமாட்டார். டிசம்பர் மூன்றாம் தேதி அவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். திருத்திய அத்தியாயத்தோடு நானே போய்ச் சொல்வேன். அதுவரை வாயைக் கட்டு, தாயே. உதவித்தொகை, விசா எல்லாம் அவர் கையில் இருக்கிறது.

உன்
ஜஹா


மயிலாப்பூர்
26.11.1993

ஜஹா,

இன்றுவரை உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா? ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. "என்னடி, அந்தப் பொண்ணோட சண்டை போட்டுண்டுட்டியா?" என்று அம்மாவே கேட்டுவிட்டாள்.

நீ மூடி மறைக்கப் பார்க்கிறாயோ என்று பயமாக இருக்கிறது. தப்பான எண்களோடு பட்டம் வாங்கினால் பின்னால் எவனாவது கண்டுபிடித்து அதைப் பறித்துவிடுவான். நேற்று உன் பேராசிரியருக்கே எழுதிக் கூரியரில் அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது என்றும், அக்டோபரிலேயே உனக்குச் சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன்.

சாரு


ஓஹியோ
5.12.1993

சாருலதாவுக்கு,

மூன்றாம் தேதி திருத்திய அத்தியாயத்தோடு போனேன். நீ பேராசிரியருக்கு எழுதிய கடிதம் அவர் மேசைமேல் இருந்தது. அக்டோபர் என்ற சொல்லின் கீழே கோடு போட்டிருந்தார். இரண்டு மாதமாகத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அத்தனை நாளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று தாள்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வேறு வழிகாட்டியைத் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஜனவரியோடு உதவித்தொகை நிற்கிறது.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். அதனால் திட்டக்கூட முடியவில்லை. ஆனால் ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்னைத் திருடி என்று நினைக்க ஏழு வாரம் போதுமாக இருந்திருக்கிறது.

என் போன கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். மன்னிப்புக் கேட்டு எழுத உட்காருவாய். எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஜஹனாரா