பேரன் காலத்துக்கும் காணும் என்ற தீவு

எந்தத் திசையில் இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் காது கொடுக்க வேண்டிய என் அத்தானுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வாய் வரவில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்று நம் ஊர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். புருஷனுக்கு எழுதுவதைத் தெருவுக்கே வாசித்துக் காட்டுகிறாளே என்று முகத்தைச் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருக்கிறது.

முதலில் நல்ல சேதி. நம் மகள் பொன்மணி உண்டாகியிருக்கிறாள். உடன்குடியில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வந்துவிட்டேன். கார்த்திகையில் பேறு என்று மருத்துவச்சி சொல்கிறாள். வயிற்றைப் பார்த்தவர்கள் எல்லாரும் பையன்தான் என்கிறார்கள். உங்கள் மூக்கு வராமல் இருந்தால் சரி.

நம் சுண்ணாம்புக் காளவாசலும் ஓய்வில்லாமல் எரிகிறது. வெள்ளைக்காரன் போய் நம் சர்க்கார் வந்த பிறகு ஊரில் எங்கே திரும்பினாலும் கட்டடம். மில்லர்புரம் பக்கம் போனால் வழி தெரியாமல் நிற்பீர்கள். அத்தனைக்கும் நம் சுண்ணாம்புதான் போகிறது. உங்கள் தம்பி சுடலைமுத்து இன்னொரு காளவாசலும் கட்டிவிட்டார். நீங்கள் இருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

ஆனால் அத்தான், தீவு குறைந்துகொண்டே வருகிறது.

நம் புறவாசலுக்கு நேரே கடலில் இருக்கிறதே, அதே தீவுதான். அதைச் சுற்றியுள்ள பவளப்பாறையை உடைத்துத்தானே வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து சுடுகிறோம்? நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அங்கே மணல்மேடும் புதரும் தெரியும். அலையெல்லாம் அந்தப் பக்கமே உடைந்துபோகும். நம் கரையில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். இத்தனை கல்லை அள்ளுகிறீர்களே, தீர்ந்துபோகாதா என்று ஒருநாள் கேட்டேன். "ஏளா, இது நம்ம பேரன் காலத்துக்கும் காணும்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டேன்.

போன வருஷம் ஐப்பசியில் கடல் புறவாசலுக்குள் வந்தது. தொழுவம் வரைக்கும் வந்து, ஒரு பொழுது நின்று, போனது. முருங்கை பட்டுப்போயிற்று. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. மத்தியானம் வந்ததும் வராததுமாக "பருப்பு வெந்திச்சா?" என்று கேட்பீர்களே, நினைவிருக்கிறதா? நம் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு கரைந்து போகும் என்று ஊரெல்லாம் பெருமை பேசுவீர்கள். இப்போது எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லு கல்லாகவே கிடக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்காகத் தெற்குத் தெருவில் போய் நல்ல தண்ணீர் எடுத்து வருகிறேன்.

கடல் வந்து போனதும் தெருவே கூடிப் பேசியது. கரையோரம் சுவர் கட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. சுவருக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்தத் தீவிலிருந்துதான். கடலுக்குப் பயந்துபோய், கடலைத் தடுத்துக்கொண்டிருந்ததையே பெயர்த்துக் கொண்டுவந்து புறவாசலில் அடுக்கினோம். கல் இறக்கிய ஆட்களுக்கு நானும் கருப்பட்டிப் பானக்காரம் கரைத்துக் கொடுத்தேன். ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. சுவர் எழுந்ததும் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம். சித்திரை வந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. வெறும் அமாவாசைக்கே கடல் வந்து அந்தச் சுவரில் அறைந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

போன வாரம் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜில்லா எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று சர்க்காருக்கு எழுத வேண்டுமாம். உங்கள் தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. "மதினி, நம்ம காளவாசலத்தான் முதல்ல பாக்கணும்னு சொல்லுதாரு" என்று ஓடிவந்தார். அதிகாரி சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. வள்ளம் எத்தனை கூடியிருக்கிறது, ஆள் எத்தனை கூடியிருக்கிறது, சுண்ணாம்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

"ஐயா, கூடினதெல்லாம் கேட்டீங்க. குறைஞ்சத எப்பக் கேப்பீங்க?" என்றேன்.

"என்னம்மா குறைஞ்சிருக்கு?"

"அங்கன பாருங்க, தீவு. முன்னால அலை அதைத் தாண்டாது. இப்ப அது மேலயே ஏறி வருது."

அவர் எழுந்து வந்து பார்த்தார். "அதைக் கேட்டு வரச் சொல்லலை அம்மா. நாட்டோட செல்வம் எவ்வளவு கூடியிருக்குன்னுதான் கேட்டிருக்காங்க."

"அப்போ இந்தச் சுவரு?"

"அது செல்வத்துல சேரும். கல்லு, கூலி, எல்லாம் சேரும்."

"கடலு இதை இடிச்சுப் போட்டா?"

"திரும்பக் கட்டுவீங்க இல்லையா? அதுவும் சேரும்" என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்திக்கொண்டார். பிறகு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நம் வீட்டைக் கடல் கொண்டுபோனால், ஊருக்குள் தள்ளி இன்னொரு வீடு கட்டுவோம். அதற்கும் சுண்ணாம்பு வேண்டும், அதற்கும் ஆள் வேண்டும். ஊர் முன்னேறிவிட்டது என்று எழுதுவார்கள். கிணறு உப்பானால் நல்ல தண்ணீரை வண்டியில் விற்பார்கள், அதுவும் முன்னேற்றம். அப்படியானால் கிணறு இனித்தபோது நாம் ஏழைகளாகவா இருந்தோம்? குடிக்கத் தண்ணீர் இருந்தது, கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினோம். அதையெல்லாம் எதைக் கொண்டு அளப்பது? அளக்கத் தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா?

வள்ளக்காரர் வீட்டுச் செபஸ்தியம்மாளிடம் என் பயத்தைச் சொன்னேன். அவள் புருஷன் முன்பு வலை போட்டவர்தான். பாறையோரம் மீன் கிடைக்காமல் போனதும் பாறையையே உடைக்க வந்துவிட்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்குக்கா. ஆனா கல்லு எடுக்கலன்னா எங்க அடுப்பு எப்படி எரியும்? மாதாவே பாத்துக்கிடட்டும்" என்றாள். அவள் பிள்ளைகளும் என் கண் முன்னால்தானே வளர்கின்றன?

நேற்று உங்கள் தம்பியிடம் பேசினேன். கரையில் ஒதுங்கும் சிப்பியைச் சுட்டாலும் சுண்ணாம்புதானே, தீவை விட்டுவிடலாமே, சிப்பி பொறுக்கவும் இதே ஆட்களை வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"அதுல எம்புட்டு வந்துரும் மதினி? பாதி கூடத் தேறாது. ரெண்டாவது காளவாசல என்ன செய்ய?"

"ஒண்ணு எரியட்டும். ஒண்ணு சும்மா கிடக்கட்டும்."

"அண்ணன் இருந்தா இப்படிச் சொல்லுவானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அது எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

நாளைக் காலையில் புதுக் காளவாசலுக்கு முதல் தீ. நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு மூத்த பெண் தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொடுத்தால்தான் காளவாசலுக்கு நெருப்பு. நீங்கள் போன பிறகு, தாலி இழந்தவள் கையால் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "எங்க மதினி கையாலதான் எரியும். இஷ்டம் இல்லாதவன் எட்ட நில்லுங்க" என்று உங்கள் தம்பி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அன்றைக்கு நான் உள்ளே போய் அழுதேன். அப்படிப்பட்ட மனிதரை நாளை வெறுந்தட்டோடு நிற்க வைக்கப் போகிறேன்.

தீப்பெட்டி எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. அவரே பற்றவைத்துவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? தெருவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம். பொன்மணியை உடன்குடிக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்றும் ஒரு மனசு சொல்கிறது. தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளையைத் தாய்வீடு திருப்பி அனுப்பியது என்றால் சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பேன்? இதை எழுதும்போது அவள் புறவாசலில் ஈரத்தலையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் கடல் தெரிகிறது. ஐப்பசி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது அத்தான்.

பேரன் காலத்துக்கும் காணும் என்றீர்கள். அந்தப் பேரன்தான் கார்த்திகையில் வருகிறான். அவனைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போய், உன் தாத்தா சொன்ன தீவு இது என்று நான் கையை நீட்டும்போது அங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

அதனால் நாளைக்கு நெருப்புக் கொடுக்கமாட்டேன். அழுகை வரும், ஆனாலும் கொடுக்கமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் மாமன் மகள்,
பிறக்கப் போகிறவனின் ஆச்சி,
செல்லக்கனி