பின்வளவுக்கு உமது கையெழுத்து

அன்புள்ள திரேசம்மா,

மன்னார் வெயில் உமக்கு ஒத்துக்கொள்கிறதா? அக்காவின் முழங்கால் தேறிவிட்டதா? இந்த வெளிநாட்டுக் குளிரில் நான் சுகம்.

நம் வீட்டுப் பின்வளவில் எவரும் வீடு கட்டாமல் அது என்றைக்கும் ஊருக்குப் புல்வெளியாக இருக்கட்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததை நகரசபை இரண்டு வருடம் இழுத்தடித்தது. போன மாதம் அங்கே போய்ச் சத்தம் போட்டேன். கிர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அலுவலர் கோபிக்காமல் சட்டத்தை வரிவரியாக வாசித்துக் காட்டினார். அவர் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்:

"நீங்கள் தந்தால் மட்டும் காணாது. சபை கூடி ஏற்று, காணி உறுதியில் பதிஞ்சால்தான் பிறகு ஒருத்தரும் மாத்தேலாது."

என்னைவிடப் பிடிவாதமான சட்டம்! நன்றி சொல்லி வந்தேன். நேற்றுச் சபை ஏற்றுவிட்டது.

ஆனால் காணி உறுதிப் பத்திரத்தில் உமது பெயரும் இருக்கிறது. நீர் சம்மதிக்காமல் பதிய மாட்டார்களாம். மகனுக்கு வீடு கட்ட நீர் நினைத்த இடம் என்பதும் தெரியும். நீர் கையெழுத்திட வேண்டிய சம்மதக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மிளகாய்த்தூளும் முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட மனமில்லையென்றால் பதில் எழுத வேண்டாம், நேரில் வந்து ஏசும்.

இதைத் தபாலில் போடப் போக வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உமது
சவிரிமுத்து